கோபாலபுரம் தாண்டி வந்த மாமன்

கேரள எல்லையில், கோபாலபுரம் சோதனைச்சாவடியில் பேருந்து நின்றபோது என் மடியில் இரண்டு பூசணிக்காய்கள் இருந்தன. இரண்டும் என்னுடையவை அல்ல. பொள்ளாச்சியில் ஏறிய ஓர் அம்மா நிற்க இடமில்லாமல் தவித்துப்போய், "தம்பி, இதக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் பையை மடியில் இறக்கிவிட்டார். தொடை மரத்துப்போய்விட்டது. ஆனால் 'தம்பி' என்று சொன்னாரே, அதற்காக இன்னும் ரெண்டு பூசணிக்காயைக்கூடச் சுமந்திருப்பேன்.

எப்படியும் மடிக்கு ஓர் ஒத்திகை தேவைப்பட்டது. இந்தப் பயணமே அந்த மடிக்காகத்தான். அக்கா கவிதாவின் மகள் அம்முவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். அக்காவுக்கு உடன்பிறந்தது நான் ஒருவன்தான். அப்பா அம்மா இருவரும் இல்லை.

இதில் ஒரு சிக்கல். அக்காவின் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் கொழுந்தியாளை அந்த ஊரே பார்த்திருக்கிறது. அது நான்தான். அதன் பிறகு ஊசி, ஆபரேஷன், கெஜட்டில் பெயர் மாற்றம் என்று என் பாடு தனிப்பாடாகிவிட்டது. தாடியும் வந்துவிட்டது. அந்தப் பழைய பெயர் இங்கே எதற்கு? இப்போது நான் சரவணன். பேருந்தில் யாராவது கூப்பிட்டால் நாலு பேர் சேர்ந்து திரும்ப வேண்டும், அப்படி ஒரு சாதாரணப் பெயர்தான் வேண்டுமென்று தேடி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அக்காவின் ஊர்ப்பக்கம் நான் போகவே இல்லை.

மாமன் இல்லாத வீட்டில் பங்காளி முறையில் யாரையாவது உட்காரவைப்பார்கள். பொள்ளாச்சியில் பெரியப்பா மகன் மாணிக்கம் இருக்கிறான், நல்ல அகலமான மடி. அவனைக் கூப்பிட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்று நானே போனில் அக்காவிடம் சொன்னேன். "என்ற புள்ளைக்கு மாமன் உசுரோட இருக்கான். நான் எதுக்கு ஊரான் மடியத் தேடணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கல்யாணமாகி வந்ததும் அவள் பேச்சு அப்படியே கொங்குப் பேச்சாகிவிட்டது. நாங்கள் இருவரும் வளர்ந்ததென்னவோ பெரம்பூரில்.

பெரம்பூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அதனால் வேறு யாராவது ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் என் வலதுகால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். சோதனைச்சாவடியிலிருந்து ஊருக்குள் கூட்டிப்போன ஆட்டோக்காரர் கிளட்ச்சை மிதிக்காமலே கியர் மாற்றினார். மலையாளத்தில் பேசினார். எனக்குப் புரிந்தவரை, வண்டி பழசு, அதற்குக் காது கேட்காது, கொஞ்சம் சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும் என்றார். கியர் சத்தத்தைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். பெயர்ப்பலகையில் எழுத்து மாறியிருந்ததே தவிர, பெஞ்சில் இருந்தவர்கள் பேசியது பொள்ளாச்சிப் பேச்சேதான். கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரி இருந்தது. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. எங்கள் பெரம்பூர் வாழைக்காய் பஜ்ஜியை அதன் பக்கத்தில் வைத்தால் பஜ்ஜி வெட்கப்பட்டு எழுந்து போய்விடும். இரண்டு தின்றேன். அந்த நேரத்தில் ஒரு பெரியவர் அந்த வழியாக நடந்துவந்தார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டிகளை பெஞ்சில் இருந்த அத்தனை ஆண்களும் எழுந்து இறக்கிவிட்டார்கள், அவர் போனதும் மறுபடி மடித்துக்கொண்டார்கள். நான் ஜீன்ஸ் போட்டிருந்தேன், இறக்கிவிட என்னிடம் எதுவுமில்லை.

வீட்டில் வரவேற்பு குறையில்லை. குறை வேறு ஒன்று. யாரும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அக்கா மட்டும் "வாடா சரவணா" என்று கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் நடராஜ், அந்தக் காலத்தில் 'கொழுந்தியா, கொழுந்தியா' என்று கேலி பண்ணித் தீர்த்த மனுஷன், இப்போது "வாங்க, வாங்க" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். அவருடைய தங்கை சாவித்திரி பக்கத்து வீடு. மாவு மில் நடத்துகிறவர். அண்ணன் வீட்டு நல்லது கெட்டது அத்தனையும் அவர் சொல்வதுதான். எனக்குச் சந்தகையும், அதாவது அந்தப் பக்கத்து இடியாப்பமும், தேங்காய்ப்பாலும் போட்டவர், ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, இன்னும் ரெண்டு வைக்கலாமா என்று அக்காவைக் கேட்கச் சொன்னார். அக்கா என்னைக் கேட்டாள். நான் அக்காவிடம் வேண்டும் என்றேன். சந்தகை அப்படி இருந்தது, கோபத்தில் வேண்டாமென்று சொல்ல மனசு வரவில்லை.

அம்மு என் தாடியைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்று வயது. ஒரு பொம்மை லாரி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கதவிடுக்கில் கையை நீட்டி லாரியை வாங்கிக்கொண்டாள், என்னை வாங்கிக்கொள்ளவில்லை. மடியில் உட்காரவேண்டிய ஆள் இப்படி என்றால் நான் என்ன செய்வது?

சாயங்காலம் விசேஷத்துக்காக வாங்கிவந்த வேட்டியை நடராஜிடம் காட்டினேன். ஒட்டிக்கோ வேட்டி, பட்டையை இழுத்து ஒட்டினால் போதும். பெரம்பூரில் கண்ணாடி முன்னால் எத்தனையோ தடவை கட்டிப்பார்த்திருக்கிறேன், ஆனால் அறைக்கு வெளியே அதைக் கட்டிக்கொண்டு ஒரு அடி வைத்ததில்லை. நடராஜ் பட்டையைப் பிரித்தார். பர்ரென்று சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், வாசல்வரை போய் சிரித்துவிட்டு வந்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முதல்முறையாகக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் வேலந்தாவளத்தில் சந்தை. நடராஜ் பைக்கில் கூட்டிப்போனார். வழி முழுக்க என் வலதுகால் பிரேக் மிதித்துக்கொண்டே போனது. மாடுகள் ஒரு பக்கம், ஆடுகள் ஒரு பக்கம், நடுவில் புழுதி. தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்ற என்னையும் ஒருவர் வாங்க வந்தவன் என்று நினைத்துத் துண்டுக்குள் கையை இழுத்துவிட்டார். மூன்று விரலை அழுத்தினார், முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. தலையை ஆட்டியிருந்தால் ஒரு ஜோடி எருமையோடு பெரம்பூர் திரும்பியிருப்பேன். நடராஜ்தான் வந்து கையை மீட்டுக்கொடுத்தார்.

பிறகு ஆட்டுப்பக்கம் கூட்டிப்போய் ஒரு கிடாயைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். எனக்கு ஆட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தட்டில் வருவது மட்டும்தான். ஒரு காது வெள்ளையாக, திமிராக நின்ற ஒன்றைக் கைகாட்டினேன். மரியாதைக்கு, காசு நான் தருகிறேன் என்று சொன்னேன். "சரிங்க" என்றுவிட்டார் மனுஷன். ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்து ஜவுளிக்கடை. அக்காவுக்கு ஒரு புடவை, அம்முவுக்குப் பட்டுப்பாவாடை எல்லாம் என்னை எடுக்கச்சொல்லிவிட்டு, பணம் கொடுக்கும் நேரத்தில் வாசலில் போய் நின்றுகொண்டார். விருந்துக்கு வந்தவனை மொட்டையடிக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. எங்கள் பக்கம் என்றால் பணம் கொடுப்பதற்கு அடிபிடியே நடக்கும். அவர் வாங்கிக்கொடுத்த கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் மட்டும் இல்லையென்றால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். காரத்தில் மூக்கு ஒழுகியது, கோபமும் அதோடு கொஞ்சம் ஒழுகிப்போனது.

ஊர் திரும்பி, ஆட்டைக் கட்டிவிட்டு உள்ளே நுழைந்தால், சாவித்திரி போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பொள்ளாச்சி மாணிக்கம். நீங்கள் வராமல் எதுவும் நடக்காது, கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுத் திரும்பியவர், வந்ததிலிருந்து முதல்முறையாக என்னை நேராகப் பார்த்துப் பேசினார்.

"இன்னிக்கு நீங்க இந்த ஊட்டுல தங்கக் கூடாதுங்க. பொழுது உழறதுக்குள்ள கெளம்பிருங்க."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

கிளம்பு என்ற சொல் எனக்குப் புதிதல்ல. வாடகைக்கு வந்த வீடுகளில் கேட்டிருக்கிறேன். வேலை பார்த்த ஒரு இடத்தில் கேட்டிருக்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் பந்தியில், இலை போட்ட பிறகு கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்றேதான், சொல்லும் விதம் மட்டும் மாறும். இந்தம்மா 'ங்க' போட்டுச் சொன்னார், கொங்கு மரியாதை. அக்கா அம்முவைக் கூட்டிக்கொண்டு தையற்கடைக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை இருந்தால் வீட்டில் ஒரு ரகளை நடக்கும், புகுந்த வீட்டில் அவள் பெயர் கெடும். பையை எடுத்தேன். ஒட்டிக்கோ வேட்டியை மடித்து அடியில் வைத்தேன். கண் கலங்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட ஆத்திரம்தான் அதிகம். காசு வாங்கும்போது மட்டும் நான் மாமனா?

டீக்கடை முன்னால்தான் பேருந்து நிற்கும். முக்கால் மணி நேரமாகியும் பேருந்து வரவில்லை, ஆத்திரத்திலும் ஒரு பழம்பொரி வாங்கினேன். பாதி தின்றிருப்பேன், ஒரு மினி வேன் என்னைத் தாண்டிப்போய் நின்று, பின்னாலேயே வந்தது. கண்ணாடியில் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கிறானே என்று திட்ட வாயெடுத்தேன். மாணிக்கம் இறங்கினான். சின்ன வயதில் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்டவன். பல வருஷமாகப் பேச்சில்லை.

"ஏன்டா, உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் நான் வர்றேன். அதுக்குள்ள பையத் தூக்கிட்டு எங்க கெளம்பிட்ட?"

'டா' என்று சொன்னான். நீதான் உட்காரப்போகிறாயே, போய் உட்கார் என்றேன். மாணிக்கத்துக்கு முதலில் புரியவில்லை. சாவித்திரி சொன்னதைச் சொன்னேன். டீக்கடைக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

"மாமன் ஊட்டுக்குள்ளயே படுத்துக் கெடந்தா சீர் எங்கிருந்துடா வரும்? நீ வெளியூர்லருந்து தட்டோட, மேளத்தோட வரோணும். அவிய ஊர் எல்லைல வந்து உன்னய அழைக்கோணும். ஒத்தையா வந்தா மாமனுக்கு அழகில்லைன்னு எங்களயெல்லாம் உங்கூட வரச்சொல்லி அந்தம்மா உசுர எடுக்குது. ஏறு வண்டில."

பழம்பொரி கையிலேயே இருந்தது. கிடாய், புடவை, பட்டுப்பாவாடை, நடராஜ் வாசலில் போய் நின்றது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து மண்டையில் உட்கார்ந்தன. மாமன் சீருக்கு மச்சான் காசு கொடுப்பானா? சீர் என்பதை நான் பார்க்காதவன் இல்லை. ஆனால் பெரம்பூரிலிருந்து விசேஷத்தன்று காலையில் வந்து, தின்றுவிட்டு, சாயங்காலம் ரயிலேறுகிற குடும்பம் எங்களுடையது. முதல்நாள் மாமன் எங்கே படுப்பான் என்று நான் எங்கே கண்டேன்? மாமன் என்றால் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். போ என்றால் ஒரே அர்த்தம்தான் என்று நான் நினைத்துவிட்டேன். வேனில் ஏறி உட்கார்ந்து மாணிக்கத்தின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். முதல்ல ஊட்டுக்குப் போயி கிடாயையும் துணியையும் எடுக்கணும், அழுகையெல்லாம் பொறவு என்றான் அவன்.

அப்படியாக நானும் கிடாயும் ஒரே வேனில் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனோம். சோதனைச்சாவடிக்காரர் கிடாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போகச்சொல்லிக் கையை ஆட்டினார். அக்கா போனில் வந்தாள். நடந்ததைச் சொன்னதும், கூமுட்டை என்று திட்டிவிட்டு அவளும் அழுதாள்.

காலையில் மாணிக்கம் வீட்டிலிருந்து புறப்பட்டோம். தட்டுகளில் தேங்காய், பழம், பூ, வெல்லம், புடவை, பாவாடை. மாணிக்கத்தின் மனைவியும் தங்கைகளும் பின்னால் உட்கார்ந்து தட்டுகளைப் பிடித்துக்கொண்டார்கள். கிடாய்க்கு ஜன்னலோரம். கேரளத்துக்குள் நுழைந்ததும் டீ குடிக்க நிறுத்தினோம். டிரைவர் மட்டும் டீ குடிக்க வரவில்லை. எங்கே என்று தேடினால், பக்கத்துக் கள்ளுக்கடை பெஞ்சில் ஒரு குடுவையோடு உட்கார்ந்திருக்கிறார். பொள்ளாச்சிக்காரர்களுக்கு எல்லை தாண்டினால் வரும் தாகம் அது. மாணிக்கம் கத்தினான். டிரைவர் மிகவும் சாந்தமாக, இது உடம்புக்கு நல்லது என்றார்.

வண்டி ஓட்டத் தெரியாதவனா நான்? சாவியை வாங்கினேன். மாணிக்கம் கட்டிவிட்ட எட்டு முழ வேட்டி, பட்டுத்துண்டு, நெற்றியில் சந்தனம், கழுத்தில் ரோஜா மாலை. அந்தக் கோலத்தில் கண்ணாடியைச் சரிசெய்து, இண்டிகேட்டர் போட்டு, முறையாக வண்டியை எடுத்தேன். இந்த மூன்று நாளில் என் வலதுகால் மிதித்த முதல் நிஜமான பிரேக் அதுதான். கிடாய் பின்னாலிருந்து கழுத்தை நீட்டி என் மாலையில் ஒரு ரோஜாவைத் தின்றுவிட்டது.

ஊர் எல்லையில் செண்டை மேளம் நின்றிருந்தது. இருக்கும் வாத்தியத்திலேயே பெரிய சத்தம் அதுதான் என்று சாவித்திரி ஏற்பாடு செய்திருக்கிறார். நான் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது. சீர் கொண்டுவரும் மாமன் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற கூத்தை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று மாணிக்கத்தை ஒரு பிடி பிடித்தார். பிறகு ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தார். கட்டைவிரல் நெற்றியில் நன்றாகவே அழுந்தியது.

மேளம் முன்னால், நான் நடுவில், தட்டுகள் பின்னால். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கை இடுப்பிலேயே இருந்தது. டீக்கடையை நெருங்கினோம். பெஞ்சில் இருந்த ஆண்கள் எழுந்தார்கள். ஒவ்வொருவராக, மடித்துக் கட்டியிருந்த வேட்டிகளை இறக்கிவிட்டார்கள். பின்னால் ஏதாவது பெரியவர் வருகிறாரா என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை, கிடாய்தான் வந்துகொண்டிருந்தது. இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தேன். அவிழ்ந்தால் அவிழட்டும்.

பந்தலில் ஆசாரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தாய்மாமன் யார், வந்து உட்காரட்டும் என்றார். மணையில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏனுங்க, இது நம்ம கவிதாவோட தங்கச்சிதானுங்களே?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மேளம் நின்றிருந்த நேரம், பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது. நடராஜ் தரையைப் பார்த்தார். அக்கா என்னவோ சொல்ல எழுந்தாள். நான் உட்கார்ந்திருந்த மணை என்னைத் தூக்கி வெளியே எறிந்துவிடும் என்று நினைத்தேன்.

சாவித்திரி குங்குமத் தட்டைக் கீழே வைத்தார்.

"கவிதாவுக்குத் தங்கச்சி இல்லீங்க. தம்பி. எங்க அம்முவோட மாமன். ஊர் எல்லைல போயி நாந்தான் அழைச்சுட்டு வந்தேன்."

பெரியவர், "அப்படீங்களா, சரிங்க" என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பந்தலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. எந்த வாடகை வீட்டுக்காரரிடமும், எந்த ஆபீஸிலும், கெஜட்டைக் காட்டியும் எனக்குக் கிடைக்காத ஒன்றை, ஒரு மாவு மில்காரம்மா நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அவர் காலில் விழவேண்டும்போல இருந்தது. மாமன் எழக்கூடாது என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

மிச்சமிருந்தது அம்மு. புதுப்பாவாடையில், லாரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். தாடியைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். கிடாய் தின்றுவிட்டுப் போன பாதி ரோஜா ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "யாரு கடிச்சா?" என்று கேட்டாள். கிடாய் என்றேன். அதை நன்றாகப் பக்கத்தில் பார்க்கவேண்டும் என்று ஏறி என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். பூசணிக்காயின் கனம் இல்லை, ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

முதல் காதில் ஊசி இறங்கியதும் செண்டையை மிஞ்சி ஒரு கத்தல். என் தாடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது, தாடிக்கா வேறெதற்கா என்று தெரியவில்லை. இரண்டாவது காதும் முடிந்து அக்கா கையை நீட்டினாள். அம்மு போகவில்லை. நடராஜ் கூப்பிட்டார், போகவில்லை. "மாமா, மாமா" என்று என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மாமனுக்கு எலயப் போடுங்க" என்று சாவித்திரியின் குரல் கேட்டது. என் பக்கத்தில் வந்து, இன்னும் அம்மு வயதுக்கு வரும்போது ஒரு சீர், கல்யாணத்தில் ஒரு சீர் இருக்கிறது, அப்போதாவது அந்தக் கள்ளுக்கடை டிரைவரை நம்பாமல் வாருங்கள் என்று கறாராகச் சொன்னார். சரிங்க என்றேன்.

திரும்பும்போது பேருந்தில் நல்ல கூட்டம். நின்றுகொண்டே வந்தேன். சட்டையில் சந்தனமும் சளியும் காய்ந்திருந்தன. மாலையைக் கழற்ற மனம் வரவில்லை. கோபாலபுரத்தில் கண்டக்டர் என் பக்கம் வந்து, எங்கே என்று கேட்டார்.

"அக்கா பொண்ணுக்குக் காதுகுத்துங்க" என்றேன். "நான் தாய்மாமன்."

அவர் எந்த ஊருக்கு டிக்கெட் என்றுதான் கேட்டிருந்தார்.